எட்டாவது பெட்டி

அன்று வீட்டில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, அக்கா, அக்காவின் நாலு வயது மகள், நான். இல்லாதவர் அக்காவின் கணவர், என் அத்தான் மட்டும்தான். மீன் யாவாரம் செய்கிறவர். விடிய மூதூருக்குப் போனவர் மழையில் அங்கேயே மாட்டிக்கொண்டார். அவர் வீட்டில் நின்றிருந்தால் இதில் ஒன்றுமே நடந்திராது. நானும் இன்றுவரை என்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு திரிந்திருப்பேன்.

இது நடந்தது போன மாரியில், கட்டைபறிச்சானில்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு திருகோணமலை டவுனில் அனர்த்த முன்னாயத்தம் பற்றி இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். எங்கள் ஊரிலிருந்து போனது நான் ஒருவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து, அதற்கு மேலும் படித்த முதல் ஆள் நான் என்பதால், எங்கே கடதாசியும் பேனையும் தேவைப்படுகிறதோ அங்கே என்னைத்தான் அனுப்புவார்கள். போனேன். ஒரு வரி விடாமல் எழுதினேன். தடித்த கைநூல் ஒன்றும், கழுத்தில் மாட்டுகிற விசில் இரண்டும், சான்றிதழும் தந்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே விசிலை மாட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவசரப் பெட்டி தயாரிக்கத் தொடங்கினேன். கைநூலில் பை என்றுதான் இருந்தது. நான் ஒரு படி மேலே போய், அத்தான் மீன் அனுப்புகிற பழைய வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டி ஒன்றை எடுத்தேன். தண்ணீர் உள்ளே போகாது, வெள்ளத்தில் மிதக்கும், இலவசமாகவும் கிடைத்தது. சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவியும் மீன் மணம் போகவில்லை. பரவாயில்லை, மணத்தால் யாரும் சாவதில்லை என்று விட்டுவிட்டேன்.

தண்ணீர்ப் போத்தல் நாலு, பிஸ்கட், பால்மா, சீனி, தேயிலை, மெழுகுதிரி, தீப்பெட்டி, டோர்ச், சின்னச் சட்டி ஒன்று, மருந்துகள், ஒரு விசில், அந்தக் கைநூல். எல்லாவற்றுக்கும் மேலே, பிளாஸ்டிக் உறையில் போட்டு என் பிறப்புச் சான்றிதழ், சாதாரண தர, உயர் தரப் பெறுபேறுகள், பட்டச் சான்றிதழ். மூலப் பிரதி தொலைந்தால் நிழற்பிரதி கைகொடுக்கும் என்று பயிற்சியில் சொன்னார்கள். ஆகவே நிழற்பிரதியும் எடுத்தேன். எடுத்து அதே உறைக்குள் வைத்தேன்.

அப்போது எனக்கு ஒரு அரசாங்க வேலைக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்திருந்தது. மூலப் பிரதி இல்லாமல் வந்தால் உள்ளே எடுக்கமாட்டோம் என்று கறுத்த எழுத்தில் போட்டிருந்தது. அந்தக் கடதாசிகளை என்னைவிடக் கவனமாகத் தொடுகிறவர் அப்பா. அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பெறுபேறும் வந்தபோது கடல் வேலையால் வந்த கையைக் கழுவி, கட்டியிருந்த சாரத்தில் துடைத்து, இரண்டு கையாலும் பிடித்து, மேலிருந்து கீழே முழுதும் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தருவார்.

பெட்டிக்கு முதல் அனர்த்தம் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. கரண்ட் போன அன்றைக்கே அம்மா மெழுகுதிரியில் இரண்டை எடுத்துவிட்டார். டோர்ச்சின் பட்டரி ரி.வி. ரிமோட்டுக்குள் போயிருந்தது. அக்காவின் மகள், என் குட்டி மருமகள், பிஸ்கட்டைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அம்மா, இது அவசரத்துக்கு வச்சிருக்கிறது," என்றேன்.

"இருட்டுக்குள்ள மீனை வெட்டுறது அவசரமில்லையோ? உனக்கு விரல் போனாத்தான் அவசரமோ?" என்றார் அம்மா.

இவர்களைத் திருத்த ஏலாது என்று எனக்கு விளங்கிவிட்டது. குறைந்ததை எல்லாம் திரும்ப நிரப்பி, பெட்டியை மூடி, அத்தான் வைத்திருந்த அகலமான சிவப்பு டேப்பை எடுத்து மூன்று சுற்றுச் சுற்றினேன். சுருளில் பாதி போய்விட்டது. உள்ளே என்னென்ன இருக்கிறது, எதை எப்படிப் பாவிப்பது என்று ஒரு பட்டியல் எழுதி, அடியில் என் போன் நம்பரும் போட்டு, லெமினேட் பண்ணி, மழையில் அழியக்கூடாதே என்று மூடியின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்தேன். வெளியே ஒரு எழுத்துக்கூட இல்லை.

இந்த இடத்தில் மீன் யாவாரம் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் நாலைந்து பேருடைய பெட்டிகளை ஒரே லொறி ஏற்றிக்கொண்டு போகும். யாரும் பெயர் எழுதுவதில்லை. டேப்பின் நிறம்தான் பெயர். ஒருவருக்கு நீலம், ஒருவருக்கு மஞ்சள். சிவப்பு என் அத்தான். இது எனக்குத் தெரியாததா? சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஆனால் நான் அந்த நேரம் பயிற்சி பெற்ற ஆளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

புயல் வருகிறது, கரையோரத்தார் அவதானம் என்று அறிவித்த அன்று படகுகள் நேரத்தோடு கரைக்கு வந்தன. அத்தானின் மீன் ஐஸ் போட்டு, பெட்டி கட்டி, எங்கள் விறாந்தையில் அடுக்கியிருந்தது. பின்னேரம் மழை இறுக்கிப் பிடித்தது. பள்ளிக்கூடத்துக்குப் போக ஆயத்தமாகச் சொல்லி கிராம சேவகர் ஆள் அனுப்பினார். நான் கட்டிலுக்குக் கீழே இருந்த என் பெட்டியை இழுத்துக்கொண்டுபோய், விறாந்தையில் படிக்குப் பக்கத்தில், ஆக முன்னுக்கு வைத்தேன். அவசரப் பொருள் வெளியேறும் வழிக்குக் கிட்ட இருக்கவேண்டும். கைநூலில் ஐந்தாம் பக்கம்.

அத்தான் மூதூரிலிருந்து போன் எடுத்தார். "மச்சான், கடைசி லொறி இப்ப வரும். ஏழு பெட்டி. டிரைவரிட்ட ஏழெண்டு சொல்லு. நான் வர ஏலாது."

லொறி வந்தபோது நான் உள்ளே நின்று, மின்சார மெயின் சுவிட்சை ஏன் நிற்பாட்டவேண்டும் என்று அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். வெளியே டிரைவரின் குரல் கேட்டது. கிண்ணியாக்காரர், வருடக்கணக்காக வருகிறவர், நான் காக்கா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன். "எத்தின பொட்டி தம்பி?"

"ஏழு!" என்று உள்ளே நின்றபடியே கத்தினேன்.

அவரும் அவருடைய ஆளும் மழையில் நனைந்தபடி, படிப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக ஏழு பெட்டி எண்ணி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் வெளியே வந்தேன். விறாந்தையில் சிவப்பு டேப் சுற்றிய ஒரே ஒரு பெட்டி இருந்தது. பின்னுக்குத் தள்ளி வைத்துவிட்டார்களே, வெளியேறும் வழியின் முக்கியத்துவம் இவர்களுக்கு எப்போது விளங்கப்போகிறது என்று மனதுக்குள் ஏசிக்கொண்டு, அதைத் தூக்கித் தலையில் வைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் முப்பது குடும்பம் வரையில் வந்துவிட்டது. அம்மா பாயும் போர்வையும் தேங்காயும் பெரிய பானையும் கொண்டுவந்திருந்தார். பானை எதற்கு என்று கேட்டு நான் சிரித்தேன். பெட்டியை வகுப்பறையின் நடுவே, ஒரு கதிரையில் வைத்தேன். மூலையிலிருந்து கொஞ்சம் தண்ணீர் சொட்டியது. போத்தல் ஒன்று கசிகிறது என்றேன். ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலத்தது. அதுவும் பொருந்தித்தான் இருந்தது.

அடுத்த நாள் விடிய எழும்பிப் பார்த்தால் பள்ளிக்கூடத்தைச் சுற்றித் தண்ணீர். எல்லாரும் சும்மா இருக்கிறார்கள், இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சனத்துக்கு வகுப்பு எடுத்தேன். குடிதண்ணீரைக் கொதிக்கவைப்பது, கயிற்றில் முடிச்சுப் போடுவது, ஆவணங்களைப் பாதுகாப்பது. மூன்று தரம் விசில் ஊதினால் உதவி வேண்டும் என்று அர்த்தம், கேட்டவர்கள் ஓடி வரவேண்டும் என்றும் சொன்னேன். அரை மணித்தியாலத்துக்குள் பின்பக்கத்திலிருந்து மூன்று விசில். முப்பது குடும்பமும் விழுந்தடித்து ஓடியது. என் மருமகள் கக்கூஸ் வாசலில் என் கழுத்து விசிலோடு நின்றாள். "மாமா, கழுவிவிட ஆள் இல்லை," என்றாள்.

முயற்சி வெற்றி என்றேன். யாரும் கைதட்டவில்லை.

மத்தியானம் ஆகியும் சாப்பாடு கொண்டுவருவதாகச் சொன்ன உழவு இயந்திரம் வரவில்லை. பாதையில் நெஞ்சளவு தண்ணீராம். பள்ளிக்கூடத்தில் ஒரு மூட்டை அரிசி இருந்தது, கறிக்கு ஒன்றும் இல்லை. பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். எல்லாருடைய கண்ணும் என் பெட்டிக்குப் போனது.

"அதைத் திறவன் தம்பி," என்றார் கிராம சேவகர்.

"வெளி உதவி வராமல் இருபத்துநாலு மணித்தியாலம் போகவேண்டும் சேர். இன்னும் மூன்று மணித்தியாலம் இருக்கு."

"அடேய்," என்றார் அப்பா. நான் கத்தியை வாங்கினேன்.

சனம் வட்டமாக நின்றது. நான் கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலில் பால்மா சிறுபிள்ளைகளுக்கு என்று அறிவித்துவிட்டு, டேப்பை வெட்டி மூடியைத் தூக்கினேன்.

உள்ளேயிருந்து பாரை மீன் ஒன்று என்னைப் பார்த்தது.

அதற்குக் கீழே இன்னும் பாரை. இடையிடையே கரைந்தும் கரையாமலும் ஐஸ். அம்மாதான் முதலில் வாய் திறந்தார். "இவ்வளவு நாளும் கட்டிலுக்குக் கீழ மீனையோ வச்சிருந்தனி?"

அதோடு வெடித்தது சிரிப்பு. பசியோடு இருந்த சனம், வீட்டுக்குள் வெள்ளம் ஏறிய சனம், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்காமல் குனிந்து ஒரு மீனின் செவுள் பூவைத் தூக்கிப் பார்த்தார். "இண்டைக்குச் சமைச்சாப் பிழையில்லை. நாளைக்கு வச்சமெண்டாத்தான் அனர்த்தம்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதுதான் எனக்குள் கணக்கு ஓடியது. இது எட்டாவது பெட்டி. அப்படியென்றால் என் பெட்டி லொறியில். பிறப்புச் சான்றிதழ், பெறுபேறு, பட்டம், நிழற்பிரதி எல்லாம் லொறியில். நேர்முகப் பரீட்சைக்கு எட்டு நாள். பெட்டி இருந்த கதிரையிலேயே குந்தியிருக்கப் பார்த்தேன். பெட்டி அங்கேதான் இருந்தது.

அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். "அந்தக் கடதாசி இல்லாமப் போனா உள்ள விடமாட்டினமோ?" என்று கேட்டார். விடமாட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அதையே திரும்பக் கேட்டார். மூன்றாம் தரமும் கேட்டுவிட்டு, எழும்பி, போனை வாங்கிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி றோட்டுப் பக்கம் போனார். சிக்னல் இல்லை. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, இந்தப் பக்கம் பத்தடி அந்தப் பக்கம் பத்தடி என்று நின்று நின்று பார்த்தார். அவருக்கு போனில் நம்பர் எடுக்கத் தெரியாது. சிக்னல் வந்தால் என்னைக் கூப்பிடுவார் என்று நினைக்கிறேன். மழைக்குள் அவர் அப்படி நின்றது இப்போதும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

இங்கே அம்மாவின் பெரிய பானை அடுப்பில் ஏறியது. கடதாசி திரும்பிக் கிடைத்தால் தேங்காய் உடைப்பதாகப் பிள்ளையாருக்கு நேர்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தேங்காயில் ஒன்றை அம்மா தனியே எடுத்துவைத்தார். கறிக்குத் தேங்காய் ஒன்று குறைந்தபோது அதையே எடுத்து உடைத்தார். "பிள்ளையார் எங்கயும் போகமாட்டார், தண்ணி வத்தட்டும்," என்றார். அன்றைக்கு முகாமில் சாப்பிட்ட பாரைக் குழம்பைப் பற்றி ஊரில் இன்றும் கதைக்கிறார்கள். நான் ஒரு வாய்கூட விழுங்கவில்லை என்று எழுத ஆசைதான். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

நாலாம் நாள் சிக்னல் வந்தது. வந்து ஐந்து நிமிடத்துக்குள் லொறி டிரைவரின் அழைப்பு. மூடியில் என் நம்பர் எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் பார்த்து எடுத்திருக்கிறார்.

"தம்பி, உங்கட பொட்டி எங்கட கையில. நாங்க அண்டைக்கு ராவு கந்தளாய்க்கு அங்கால மாட்டிக்கிட்டம். முன்னுக்கும் தண்ணி, பின்னுக்கும் தண்ணி. றோட்டு மேட்டில எங்கட லொறியும் ஒரு பஸ்ஸும். பதினாலு பேர். அதில பால் குடிக்கிற புள்ளை ஒண்டு. மீன் ரெண்டை எடுத்து அவிச்சுக் குடுப்பமெண்டு முன்னால இருந்த பொட்டியைத் திறந்தா, உள்ளுக்கு ஒரு கடையே இருக்கு!"

பஸ்ஸில் வந்த ஒருவர் மூடியில் இருந்ததைச் சத்தமாக வாசித்தாராம். முதல் வரி, 'பதற்றப்படாதீர்கள்'. "அதைக் கேட்டுத்தான் எல்லாரும் சிரிச்சம், அதோட பயம் பாதி போயிட்டு," என்றார். பால்மாவைக் கரைத்துப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார்கள். தூரத்தில் படகுச் சத்தம் கேட்டபோது, பட்டியலில் சொன்னபடி மூன்று மூன்றாக விசில் ஊதியிருக்கிறார்கள். படகு திரும்பி வந்திருக்கிறது. தாயையும் பிள்ளையையும்தான் முதலில் ஏற்றி அனுப்பினார்களாம்.

"காக்கா, கடதாசி... உள்ளே கடதாசி இருந்ததே?" என்றேன். பக்கத்தில் அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் தம்பி, மன்னிச்சுக்கொள்ளுங்க. விறகெல்லாம் ஈரம், பால் காய்ச்ச வழியில்ல. கடதாசியைத்தான் எரிச்சம்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். "எந்தக் கடதாசி?"

"தடிச்ச புத்தகமொண்டு. நல்லாப் பத்திச்சு தம்பி, பக்கம் பக்கமா."

"உறைக்குள்ளே இருந்தது?"

"அதில முத்திரை குத்தியிருந்திச்சு. படிச்ச கடதாசி எண்டு பார்த்தாலே தெரியுமே. அதை என்ட சீட்டுக்குக் கீழ வச்சுப் படுத்தனான். ஒருத்தரையும் தொட விடல்ல."

நான் அப்பாவிடம் திரும்பி, இருக்கு என்றேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு ஏனோ கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

பாதை திறந்த பிறகு அந்த டிரைவர் பெட்டியை வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார். திறந்து பார்த்தேன். பிஸ்கட், பால்மா, மெழுகுதிரி, தீப்பெட்டி எல்லாம் புதிது. முடிந்ததையெல்லாம் கடையில் வாங்கி, மூடியில் இருந்த பட்டியலில் ஒவ்வொன்றாகப் பேனையால் சரி போட்டிருந்தார். கைநூலுக்கு நேரே மட்டும் சரி இல்லை. "அது மட்டும் கடையில இல்ல தம்பி," என்றார். காசு கொடுக்கப் போனேன். ஏசிவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போனார்.

நேர்முகப் பரீட்சையில் என் கோவையைத் திறந்த அதிகாரி அம்மா ஒருவர் மூக்கைச் சுருக்கி, பக்கத்தில் இருந்தவரைச் சந்தேகமாகப் பார்த்தார். மீன் மணம் அவரிடமிருந்து அல்ல, என் பட்டத்திலிருந்து வருகிறது என்று நானே ஒப்புக்கொண்டு, நடந்ததைச் சொன்னேன். எனக்கு ஒதுக்கிய நேரம் முழுவதும் அந்தக் கதையிலேயே போய்விட்டது. முடிவு இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் மணம் போகப்போவதில்லை.

அந்தப் பெட்டி இப்போது குசினியில், எல்லாருடைய கைக்கும் எட்டுகிற இடத்தில், டேப் இல்லாமல் இருக்கிறது. அம்மா மெழுகுதிரி எடுப்பார், மருமகள் பிஸ்கட் எடுப்பாள், வெள்ளிக்கிழமை தோறும் நான் குறைந்ததை நிரப்புவேன். என் ஆட்களே தொடக்கூடாது என்று மூன்று சுற்றுச் சுற்றி வைத்ததை, முகம் தெரியாத பதினாலு பேருக்கு நானே ஏழு என்று கத்தி ஏற்றி அனுப்பியிருக்கிறேன். நான் சரியாகச் செய்த வேலை அது ஒன்றுதான் என்று சில வேளை நினைப்பேன்.

அடுத்த நாளே அந்தப் பக்கத் தண்ணீர் வத்தி லொறி அங்கால போனதால், அத்தானுக்கு லொறியில் போன ஆறு பெட்டியும் வெள்ளத்துக்குள் மரக்கறி வராத ஊர்களில் நல்ல விலைக்குப் போய்விட்டது. ஆகவே முகாமில் தின்ற மீனுக்கு அவர் ஒரு சதமும் கேட்கவில்லை. ஆனால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து பாதியாகிப்போன அந்த டேப் சுருளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை நீட்டினார். அந்த வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்கு நான் வைத்த செலவு முந்நூற்றைம்பது ரூபாய்.